கறுப்பு வறுவலைப் பற்றி ஒரு பக்கம்

கறுக்க வறுத்த கோப்பி கசக்கும் என்று சொல்பவர்கள், பெரும்பாலும் அதை அவசரமாக வறுத்தவர்கள்.

மகள் அமானி, போன கிழமை நீங்கள் மதுரங்குளிச் சந்தியில் இருக்கும் என் கோப்பிக் கடைக்கு வந்து, கல்பிட்டியில் உங்கள் விடுதிக்கு இனி என் தூள்தான் என்று சொன்னீர்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்குக் கறுப்பு வறுவல் என்றால் என்ன, அதன் ருசிகள் எவை என்று விளங்கப்படுத்த ஒரு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டீர்கள். மொழிபெயர்த்துச் சுவரில் மாட்டப் போகிறீர்களாம். எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்று தெரிகிறது. வேண்டாததை வெட்டிவிடுங்கள்.

இந்த முத்தலிபு ஒரு புளுகன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மன்னாரில் ஒரு கழுதை என் வறுவல் வாசத்துக்கு எழும்பி, சுபஹுத் தொழுகைக்கு ஆட்களை எழுப்பித் திரிந்தது என்று நான் சொல்வதுண்டு. அது முழுப்பொய் அல்ல. கழுதை உண்மை. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது, வறுக்கிற இரும்புத் தாச்சியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வள்ளம் ஏறினேன். காவலில் நின்றவன் அது தொப்பியா என்று கேட்டான். ஓம் என்றேன். இதையும் ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் தாச்சி இன்னும் கடையில் இருக்கிறது.

இனி வறுவலுக்கு வருகிறேன். கொட்டையைத் தாச்சியில் போட்டு, விறகைப் பின்னுக்கு இழுத்து, சிறு நெருப்பில் கிண்ட வேண்டும். பச்சை முதலில் மஞ்சளாகும், வைக்கோல் வாசம் வரும். பிறகு பாண் சுடுகிற போறணை அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல ஒரு வாசம். அதன் பின் முதல் வெடிப்பு, சோளம் பொரிகிற சத்தம். இந்த இடத்தில் இறக்கினால் கோப்பியில் புளிப்பு நிற்கும். எந்த மலையில் காய்த்தது என்பதை நாக்குக்குச் சொல்லும். இறக்காமல் கிண்டினால் சத்தம் அடங்கி, சற்று நேரம் ஒன்றுமே நடவாதது போல இருக்கும். பொறுமையில்லாதவன் நெருப்பைக் கூட்டிக் கெடுப்பது இங்கேதான். பிறகு இரண்டாம் வெடிப்பு. மிக மெல்லிய சத்தம், களப்புக் கரையில் காய்ந்த பாசிமேல் நடப்பது போல. கொட்டையில் எண்ணெய் கசிந்து மினுங்கும். புளிப்பு செத்துவிடும். கொஞ்சம் கூடக் காய்ச்சிய கித்துள் மரத்துப் பாணி, சுட்ட தேங்காய், புகை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கொக்கோ ருசி. இதுதான் கறுப்பு வறுவல். அதில் ஊர் அழிந்துவிடும். மாத்தளைக் கொட்டையா, கேகாலைக் கொட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. நெருப்பையும், நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவனையும் மட்டுமே சொல்ல முடியும்.

அதற்கு மேலும் கிண்டினால் கரி.

குடித்துப் பார்த்து என்னைச் சொல்லக்கூடியவன் ஒருவன் இருந்தான். ஸலாஹுதீன். அதே வள்ளத்தில் வந்தவன். இங்கே என் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு அவனுடையது. உப்பளத்தில் கங்காணியாக இருந்தான். புதிதாக வாரிய உப்பு கசக்கும், மகள். குவித்து வைத்து மாதக்கணக்கில் அந்தக் கசப்பு நீர் வடிய வேண்டும். ஸலாஹுதீன் குவியலுக்குள் கையை விட்டு, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்து, "இன்னம் ரெண்டு மாசம்" என்பான். நம்பாத முதலாளி ஒருவர் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார். இரண்டு மாதமும் மூன்று நாளும் என்று பதில் வந்தது. மூன்று நாள் நான் சேர்த்தது.

இருபத்தைந்து வருடம், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து என் கடையில் வாசல் பக்கக் கதிரையில் இருப்பான். ஒரு மிடறு குடித்துவிட்டு, "நேத்தைய விட அரை நிமிசம் கூட விட்டிருக்காய் மச்சான்" என்பான். சரியாகவே இருக்கும். என் மனைவி, அல்லாஹ் அவளைப் பொருந்திக்கொள்ளட்டும், என்னை அவ்வளவு கவனித்ததில்லை. நானும் அவளிடம் அதை எதிர்பார்த்ததில்லை. ஒரு மனிதனை ஒருவன் கவனித்தால் போதும்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து, நோன்புக்கு முந்திய மாதம். விடுதி திறக்கப் போவதாகவும், இந்தப் பக்கத்துக் கோப்பியில் ஒன்றைத் தெரிவு செய்யப் போவதாகவும் சொன்னீர்கள். என் கடைக்கு முன்னாலேயே மேசை போட்டு நாலு கோப்பை வைத்தீர்கள். கோப்பைக்கு அடியில் பெயர். ஊரார் சொன்னதைக் கேட்டு ஸலாஹுதீனை ருசி பார்க்கக் கூப்பிட்டீர்கள். நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாவது கோப்பையைக் குடித்துவிட்டு அவன் சப்புக்கொட்டினான். சந்தியே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுல எங்க மகள் கோப்பி?" என்றான். "கருகின தேங்காச் சிரட்டையத் தண்ணியில கழுவி வெச்சிரிக்கி."

சனம் சிரித்தது. நாலாவதைக் குடித்து, இதுதான் கோப்பி என்றான். நீங்கள் கோப்பைகளைக் கவிழ்த்தீர்கள். நாலாவது சிலாபத்துப் பைக்கற்றுத் தூள். பாதிக்குப் பாதி வறுத்த சோளம், அதை வாங்குகிறவர்களே ஒத்துக்கொள்வார்கள். மூன்றாவது என்னுடையது.

அவன் முகம் மாறியது. "மச்சான், தெரியாமச் சொல்லிட்டன்" என்றான்.

"பரவாயில்ல. நாக்குச் சொன்னதத்தானே நீ சொன்னாய்" என்றேன்.

இருபத்தைந்து வருடம் என் அரை நிமிடத்தைக் கண்டுபிடித்த நாக்குக்கு என் கோப்பியே தெரியவில்லையாம். சோளத்தைப் புகழ்கிறதாம். நான் அன்றிரவு அதை எல்லாப் பக்கத்தாலும் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. அவனுக்குத் தெரியும். ஊருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்திருக்கிறான், நீங்கள் மேசை போட்டுக் கொடுத்தீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்துறையில் இருந்து வந்த மீன்காரன் கூட, "நானா, ஒரு சிரட்டைக் கோப்பி" என்று கேட்டான். ஊற்றிக் கொடுத்தேன்.

ஸலாஹுதீன் அஸருக்கு வருவதை நிறுத்தவில்லை. முன்னைப் போல அரை நிமிடக் கதை மட்டும் இல்லை. குடிப்பான், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். அது எனக்குப் போதவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். கிட்னி இரண்டும் பழுதாம். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம். உப்புப் படவே கூடாது.

"உப்பளத்துக் கங்காணிக்கு உப்பு ஆகாதாம் மச்சான்" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல பகிடி.

இந்த இடத்தில் கறுப்பு வறுவலைப் பற்றி ஒரு முக்கியமான விசயம் எழுத வேண்டும், மகள். சுவரில் இது இருக்கலாம். கசப்பை அடக்குவது சீனி அல்ல, உப்பு. ஒரு கேத்தல் கோப்பிக்கு விரல் நுனியில் ஒட்டுகிற உப்புப் போதும். உப்பு தெரியாது. கசப்பு தலையைக் குனிந்துகொள்ளும், கித்துள் பாணி ருசி மேலே வரும். இது எல்லோருக்கும் நல்லது. ஒரு சிலரைத் தவிர.

மறுநாள் அவனுடைய கோப்பியைத் தனிக் கேத்தலில் காய்ச்சினேன். விரல் நுனியளவு. ஒரு மிடறு குடித்து நிமிர்ந்து பார்த்தான்.

"இண்டைக்கு வேற மாதிரி இரிக்கி."

"நல்லமில்லையா?"

"நல்லாரிக்கி மச்சான். இன்னம் கொஞ்சம் ஊத்து."

நான் அவசரப்படவில்லை. நாக்கு பழகப் பழகக் கூட்டினேன். உப்பை மறைக்கக் கறுப்பைக் கூட்டினேன், கறுப்பைத் தாங்க உப்பைக் கூட்டினேன். என் வாழ்நாளில் அதைவிடக் கவனமாக நான் வறுத்ததில்லை. உப்பு வேறெங்கும் வாங்கியதும் இல்லை. வருடா வருடம் அவனே கொண்டுவந்து தருகிற நன்றாக வடிந்த பழைய உப்பு. ஒரு கோப்பை இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. உப்பு தாகத்தைத் தரும், தாகம் திரும்ப என்னிடம் கூட்டிவரும். கால் வீங்கியபோது அவனுக்கு ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அது வீங்கிய பிறகு இன்னுமொரு சைஸ்.

அவனுடைய மனைவி பளீலா ஒருநாள் கடைக்கு வந்தாள். களைத்துப் போயிருந்தாள்.

"நானா, வீட்டுல ஒரு கறிக்கும் நான் ஒரு கல் உப்புப் போடுறல்ல. ஆன இவருக்கு ஏன் இப்பிடி வீங்குது? டொக்டர் என்னயத்தான் ஏசுறார். ஒங்கட கோப்பியில ஒண்டும் இல்லதானே?"

"கோப்பியில என்ன இரிக்கப் போகுது தங்கச்சி. தண்ணியும் சிரட்டைக் கரியும்தானே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். "அப்ப களவாக் கருவாடு திங்கிறார். கேட்டா ஓமுமில்ல, இல்லயுமில்ல."

"நான் ஒரு சொல்லுச் சொல்லிப் பார்க்கிறன்" என்றேன். சொல்லவும் சொன்னேன். "பளீலாவ ஏன் கவலப்படுத்திறாய், கருவாட்ட விடு" என்றேன். ஸலாஹுதீன் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கோப்பையை நீட்டினான்.

பதினாறு மாதம் சென்றது. ஒரு வியாழக்கிழமை பகல் ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு மூச்சு முட்டி மௌத்தானான். மையித்து வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் நான்தான் கோப்பி காய்ச்சினேன், காசு வாங்கவில்லை. அதில் உப்புப் போடவில்லை. கசக்குது என்று சனம் சொன்னது. சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் நானும் ஒருவன். கொஞ்சம் பாரம்தான். தண்ணீர் உடம்பு.

இதோடு இந்தப் பக்கம் முடிந்திருக்கும். ஆனால் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, பளீலா என்னைக் கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள்.

"நானா, ஒங்களுக்கு ஒண்டு சொல்லணும். அவருக்கு நாக்குல ருசி போய்க் கனகாலம். அந்தப் புள்ள மேசையில கோப்பை வெச்சிச்சே, அதுக்கு முந்தியே போயிட்டு. கிட்னி வருத்தத்துக்கு அப்பிடி வருமாம், எங்களுக்குத் தெரியல்ல. சீனிக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாது அவருக்கு. ஊருக்குத் தெரிஞ்சா இனி ஒருத்தரும் மதிக்கமாட்டாங்கண்டு என்னயச் சத்தியம் பண்ண வெச்சார். அண்டைக்குச் சும்மா வாயில வந்தத்தச் சொல்லியிரிக்கார். ஒங்கடதண்டு தெரிஞ்சதும் வீட்ட வந்து சோறு திங்காம அழுதார் நானா."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"கருவாடும் திங்கல்ல. மௌத்தாக ரெண்டு நாளைக்கு முந்தித்தான் எனக்கே சொன்னார். 'முத்தலிபுட கோப்பியில மட்டும் ஏதோ தெரியுது பளீலா. உப்பு. எனக்காகக் களவாப் போடுறான். டொக்டர் என்ட கிட்னியப் பார்த்தார், அவன் என்ட நாக்கப் பார்த்தான்' எண்டார். நான் ஏசின ஏச்செல்லாம் கேட்டுக்கிட்டு இரிந்திரிக்கார், ஒங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டு. எனக்கு ஒங்கள்ட கோவமில்ல நானா. பாசத்துல செஞ்சீங்க. ஆன செஞ்சிரிக்கக் கூடாது."

பெரிய பள்ளிவாசல் தலைவரிடம் போய், ஸலாஹுதீனை நான் உப்புக் கொடுத்துக் கொன்றேன் என்று சொன்னேன். அவர் எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்து, கழுதைக் கதை இதைவிட நல்லம் முத்தலிபு நானா என்றார்.

போன கிழமை உங்களிடம், அன்றைக்கு வேண்டாம் என்ற கோப்பி இப்போது ஏன் வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்: ஸலாஹுதீன் மௌத்தாவதற்கு ஒரு மாதம் முன் தனியாக பஸ் ஏறி விடுதிக்கு வந்தானாம். அந்தக் காலோடு. என் தூளில் ஒரு பைக்கற்றை மேசையில் வைத்து, "மகள், அண்டைக்குப் பிழை என்ட நாக்குல. முத்தலிபுட கோப்பியில பிழையில்ல" என்றானாம். நீங்கள் அதைச் சொல்லும்போது உங்களுக்குக் கண் கலங்கியது. நான் தராசில் தூளை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதி வைக்கிறேன். ஸலாஹுதீனைக் கொன்றது நான். தெரிந்துகொண்டுதான் செய்தேன், ஒவ்வொரு நாளும் செய்தேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டுங்கள். மற்றபடி, பளீலா துக்கத்தில் இருக்கிறாள், துக்கத்தில் இருப்பவள் புருசனைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வாள். நீங்கள் சின்னப் பிள்ளை, கண்டதற்கும் கலங்குவீர்கள். அவனை இருபத்தைந்து வருடம் பார்த்தவன் நான். அந்தக் கோப்பை என்னுடையது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.