மலையின் தோளும் நான்காவது அகலும்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை ரேணுகாம்பாள் அம்மையார் அவர்களே, மணியில் கை வைத்துக் காத்திருக்கும் நடுவர்களே, வேங்கிக்காலிலிருந்தும் கீழ்பென்னாத்தூரிலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் என் அப்பா கோதண்டராமன் அவர்களே! கவிநிலாவின் கைகூப்பிய வணக்கம்.

‘மலையும் மொழியும்’ எனக்குத் தந்த தலைப்பு. அண்ணாமலை அடிவாரத்திலிருந்து உங்களை ஸ்காட்லாந்து மலைகளுக்கு அழைக்கிறேன். அங்கே கேலிக் என்றொரு பழைய மொழி. மலை நடுவே குழிந்த பள்ளத்துக்கு அதில் ‘கொர்ரெ’ என்று பெயர். சமைக்கும் அண்டாவின் பெயரை அப்படியே பள்ளத்துக்கு வைத்துவிட்டார்கள்! நீண்ட முனைக்கு ‘ஸ்ரோன்’, அதாவது மூக்கு. சரிந்த பக்கத்துக்குக் ‘குவலன்’, அதாவது தோள். பின்வரிசைத் தோழியரே, சிரியுங்கள், நானும் சிரித்தேன். “மலைக்கு மூக்கா? சளி பிடிக்குமா?” என்றேன். “இங்க பெய்யற மழைக்கு எப்பவும் சளிதான்டி” என்றாள் சொல்லித்தந்தவள்.

யார் அவள்? சொல்கிறேன். அதற்கு முன் இன்னொரு சொல்: ‘ஆரி’. கோடையில் மாடு மேய்க்க மலையேறிய பெண்கள் தங்கிய குடில். இன்று குடில் இல்லை, மாடு இல்லை, அந்தப் பெண்களும் இல்லை. மேட்டுக்கு மட்டும் இன்னும் ஆரி என்றே பெயர்! போனவர்களின் பெயரைக் கல் காக்கிறது, காற்று காக்கிறது. வீடு காக்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் ஆள் உண்டு, பெயர்தான் இல்லை. இந்தச் சொற்களைச் சொல்லித்தந்தவள், ஸ்காட்லாந்தில் செவிலியராக இருக்கும் என் அக்கா அன்புச்செல்வி, தனக்குப் பிடித்தவரை மணந்தாள். இரண்டாண்டாக அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அம்மாவின் போனில் ஒளிந்து பேசுவேன். “அப்பா செருப்பு சத்தம் கேக்குது, வைடி!” என்பார் அம்மா.

கார்த்திகைக்கு ஆளுக்கொரு அகல், எங்கள் மொட்டைமாடி வழக்கம். மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் ஏற்றுவோம். போன வருடம் “மூணு போதும்” என்றீர்கள், அப்பா. அந்த நேரம் அக்காவுக்கு நண்பகல் பன்னிரண்டரை. அந்த ஊர் மலையின் தோளைப் பார்த்தபடி நின்றாளாம். “பட்டப்பகல்ல எந்த தீபத்தடி தேடுவேன்?” என்று அழுதாள்.

பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்று எல்லோரும் மாடியிலிருந்து இறங்கிய பின், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க நான் திரும்பி வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காற்று படாமல் கையால் மறைத்து, நான்காவது அகலை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். அப்பா, நான் பார்த்தேன்!

கல்லுக்கே தோள் கொடுத்தது ஒரு மொழி. மகளுக்குத் தோள் கொடுக்க மாட்டீர்களா? இந்தக் கார்த்திகைக்கு அந்த அகலை எங்கள் அகல்களோடு வையுங்கள். ஒரே ஒரு முறை, போனில், ‘அன்பு’ என்று கூப்பிடுங்கள்.

மணியடிக்காமல் பொறுத்த நடுவர்களுக்கு நன்றி. செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. இதுவரை எழுந்து போகாமல் இருந்தால், என் அப்பாவுக்கும் நன்றி. வணக்கம்.