பரிசு மாட்டின் கால்கள்

“கொம்பியூட்டர் படிக்காமல், படம் பாக்கிறதைப் படிக்கப் போறியோ?” என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்.

தொண்ணூற்றாறில் ஒரு பின்னேரம், நாங்கள் குடியேறிய நகரின் வடக்குப் புறத்தில், மில்லிக்கன் பக்கம் போகும் பஸ்ஸில், துப்புரவு வேலை முடித்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“மாட்டின்ர காலைத் துடைச்சு அழிச்சுப்போட்டன் எண்டு ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை, அக்கா.”

“எந்த மாடு?”

“ஒஃபீஸ் சுவரில இருக்கிற பழைய இங்கிலாந்துப் படம். ஈரத்துணியால துடைச்சிட்டுப் பாத்தா, உடம்பு அலுமாரி மாதிரி, கால் ஈர்க்கு மாதிரி, தலை தேங்காயளவு. வேலை போச்சு எண்டு நினைச்சன்.”

“பிறகு?”

“இண்டைக்கு நானே போய் மனேஜரிட்டைச் சொன்னன். மனுசி விழுந்து விழுந்து சிரிக்குது. நூற்றைம்பது வருசத்துக்கு முந்திப் பரிசு வாங்கின மாடாம். கொழுப்பைக் காட்ட, சொந்தக்காரரே உப்பிடிப் படம் கீறச் சொல்லுறவையாம்.”

“என்ர கலியாண வீடியோக்காரனிட்டை மெலிவாக் காட்டச் சொன்னன், அவன் கேக்கேல்லையே!”

“விசர் அக்கா!”

“அப்ப வேலை?”

“இருக்கு. இனி ஈரத்துணி மட்டும் வேண்டாமாம்.”

இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் அன்று காலைதான் பல்கலைக்கழகத்தில், மாமா கேலி செய்த அந்த ஓவிய வரலாற்றுப் பாடத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்திருந்தேன்.