பொகைக்குப் போட்ட வெதப்பூடு

இல்ல மதினி, எடுத்துத் தாரேன். தராம எங்க ஓடிறப் போறேன்? உங்க வெதப்பூடு நாலு கட்டும் அந்தா, அடுப்புக்கு மேல பரண்லதான் கெடக்கு. ஊரு பூரா கேஸு வந்தபெறகு பொகை இருக்குற வீடு என் வீடு மட்டுந்தானே, அதுலதானே நாலு மாசமாத் தொங்குது. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? அந்தப் பலகைய இழுத்துப் போட்டு உக்காருங்க. வெளிய மேகம் எறங்கி, எதுத்தாப்புல வர்ற ஆளு தெரியல. நடவு நாளைக்குத்தானே? ஆளுக வெள்ளனே வந்துருவாங்களா? வரட்டும். பூட்டப் பல்லு பல்லா உடைக்க நானும் வாரேன், ரெண்டு பேரு சேந்தா வெரசா முடிஞ்சிரும்.

மொதல்ல காப்பியக் குடிங்க. பாலு இல்ல, வரக்காப்பி. உங்களுதுல சீனி போட்டுருக்கேன். எனக்கு வேணாம், நான் இப்படியே குடிச்சுப் பழகிட்டேன். சுகரா? அட, அது நானாச் சொன்னது மதினி. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவளுக்கு எங்கிட்டு இருந்து சுகர் வரும்? ரேஷன்ல போடுற சீனி பத்து நாளைக்குக் காணும். மிச்ச நாளு வெறும் காப்பி குடிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? நோயின்னு சொன்னா ஐயோ பாவம்பாங்க. வாங்க முடியலன்னு சொன்னா எளக்காரமாப் பாப்பாங்க. அதான் சுகர்னு சொல்லிட்டேன். உங்க பேரனுக்குக் காது குத்துனப்ப எல போட்டு லட்டு வச்சீங்களே, ஞாபகம் இருக்கா? நான் ஓரமா ஒதுக்கி வச்சேன். நீங்க வேற பக்கத்துல நின்னு, ஏலே அவளுக்கு சுகரு, இனிப்பு வைக்காதன்னு பந்தியில எல்லாருக்கும் கேக்கச் சொன்னீங்க. வாயெல்லாம் ஊறிச்சு மதினி. அந்த லட்டு மேல ஒரு முந்திரி இருந்துச்சு, இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கிது. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, சிரிக்க வேண்டிய சோலிதான்.

அந்த மூலையில சேலையப் போத்தி நிக்கிதே, அது என்னன்னு நெனச்சீங்க? அரிசி டின்னு இல்ல. காலி சிலிண்டரு. தையில தீந்துச்சு, இப்ப ஐப்பசி. வெறகடுப்புல ஆக்குனாத்தான் ருசி, கேஸுச் சோறு எனக்கு எறங்காதுன்னு கொழாயடியில நின்னு பேசுவேனே, எல்லாம் பொய்யி. கண்ணு எரிச்சல்ல ராவுல தூக்கம் வர மாட்டேங்குது. நீங்களும் காளியாயி சித்தியும் பாண்டிச்செல்வி வீட்டுல நல்ல பொகைன்னு பூட்டக் கொண்டாந்து இங்க கட்டுனீங்க. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ஒரு பெருமையும் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். பொகை இல்லாட்டி பூடு மொளச்சுப் போகும், இல்லாட்டி வண்டு விழுந்துரும். வெதப்பூட்ட நம்பி ஒருத்தி வீட்டுல விடுறது லேசுப்பட்ட காரியமா?

ஆமா, உங்க தம்பி வீட்டுல இல்ல. லோடு ஏத்தப் போயிருக்காரு, ஒரு லாரி வந்துருக்காம். பொழுதுசாய வருவாரு. பாவம் மதினி, அவரக் கொற சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டாரு, சீட்டாட மாட்டாரு. நீங்க அவருக்குப் பெரியப்பா மகதான், ஆனா கூடப்பொறந்த அக்காவ விட ஒருபடி மேலன்னு சொல்லுவாரு. மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு லாரி வராம கெடந்துச்சுல்ல, அந்த ஒன்றர மாசம் சம்பாத்தியமே இல்ல. அன்னைக்கு நீங்கதான் ஒரு தூக்குச் சட்டியில சாம்பாரு குடுத்து விட்டீங்க. எம்மக நதியா வழிச்சு வழிச்சுத் தின்னா. பருப்பு கட்டியா இருக்கும்மான்னா. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. பருப்பு வெந்த தண்ணியத்தான் சாம்பாருன்னு ஊத்திக்கிட்டு இருந்தேன் அதுவரைக்கும்.

நமக்குக் காய்க்கு என்ன கொறச்சல்னு நீங்க கேப்பீங்க. கேரட்டு கெடக்கு, முட்டக்கோசு கெடக்கு, பீன்ஸு கேட்டா யாரும் ஒரு கை அள்ளித் தருவாங்க. அத வெறும் தண்ணியில அவிச்சு வச்சா எந்தப் புள்ள தின்னும்? எண்ண, பருப்பு, புளி, வத்தல், தேங்கா, எல்லாம் கீழ வத்தலக்குண்டுல இருந்துதானே மேல ஏறணும். மல ஏற ஏற வெலையும் கூடவே ஏறுது. ஒரு தேங்காய ரெண்டா உடைச்சு, ஒரு மூடிய நாலு நாளைக்கு வச்சிக்கிறேன். எண்ணப் பாட்டில் மூடியத் தெறக்குறதே இல்ல. ஊசியக் காச்சி மூடியில ஒரு ஓட்ட போட்டு வச்சிருக்கேன், அதுல சொட்டுத்தான் விழும். அன்னைக்கு நதியா தோச சுடுறேன்னு பாட்டில அமுக்கிட்டா. பளார்னு முதுகுல ஒண்ணு வச்சேன். பத்தாங்கிளாஸ் படிக்கிற புள்ள மதினி. எண்ணைக்காக வயசுக்கு வந்த புள்ளய அடிச்ச கை இது. அவ அழுகல, என்னய ஒரு பார்வ பாத்தா. அழுதுருந்தா நல்லா இருந்துருக்கும்.

இருங்க, இருங்க, எடுத்துத் தாரேன்னு சொன்னேன்ல. உங்களுக்கும் பரபரப்பு இருக்கும், தெரியும். போன போகத்த காட்டுமாடு வந்து மிதிச்சு நாசம் பண்ணிருச்சு. இந்த நாலு கட்டுதான் மிச்சம். இதும் போச்சுன்னா பதினஞ்சு சென்ட்டையும் ஒத்திக்கு விட்டுட்டு மகன் பழனிக்குமாரு கூடத் திருப்பூருக்கே போயிருவேன், மருமக கைச்சோறுதான் இனிமேன்னு நீங்க சொன்னப்ப நானும் கூட உக்காந்து அழுதேன். நடிப்பு இல்ல மதினி, நெசமாத்தான் அழுதேன். அழுதுட்டு வீட்டுக்கு வந்து பரணப் பாத்தேன். அன்னைக்குப் பூரா சோறு எறங்கல.

ஏன்னா... சரி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காம கேளுங்க. ஆவணியில நதியாளுக்குக் காச்ச. மூணு நாளா ஒண்ணும் தின்னல. நாலாம் நாளு மொளகு ரசம் கேட்டா, பூடு தட்டிப் போட்டு. எங்க பூட்ட எல்லாம் பச்சையாவே வித்துத் தின்னாச்சு. எங்களுக்குன்னு வெதைக்குக்கூட ஒரு பல்லு வைக்கல. வீட்டுல பூட்டு வாசம் மூக்கத் தொளைக்குது, ஆனா தட்டிப் போட ஒரு பூடு இல்ல. மேல பாத்தேன். வெதப்பூட்ட ஒலையில போடக் கூடாது, அது பாவம்னு நம்மளுக்குத் தெரியாதா? குளிக்காம அதத் தொடக்கூட மாட்டோமே. நான் அன்னைக்குக் குளிச்சிட்டு வந்து, உங்க கட்டத் தொட்டுக் கும்பிட்டு, ஒரே ஒரு பூடு பிடுங்குனேன்.

அதான் நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். காச்சப் புள்ளைக்கு ஒரு பூடு எடுத்ததுக்கா இம்புட்டு நேரம் இழுத்தேன்னு. கேட்டிருந்தா நானே குடுத்துருப்பேனேன்னு. குடுத்துருப்பீங்க மதினி. கேக்கத்தான் வாயி வரல. வெறகடுப்பு ருசின்னு பீத்துனவ, சுகருன்னு லட்ட ஒதுக்குனவ, ஒரு பூடு குடுங்கன்னு உங்க வாசல்ல வந்து நிப்பாளா? திருடுறது லேசா இருந்துச்சு, கேக்குறதுதான் செரமமா இருந்துச்சு. இப்படி ஒரு புத்தி எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல.

போன மாசம் கொடைக்கானல்ல ஞாயித்துக்கெழமச் சந்தையில என்னயக் கூப்பிட்டீங்கள்ல? நான் இல்லன்னு சாதிச்சேனே. நாந்தான். சேலய முக்காடு போட்டுக்கிட்டு முட்டக்கோசு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சேன். செல்வி, ஏ செல்வின்னு நீங்க ரெண்டு தடவ கூப்பிட்டது நல்லாக் காதுல விழுந்துச்சு. பையில என்ன இருந்துச்சா? சொல்றேன். கடக்காரன்கூடக் கேட்டான், பேச்சப் பாத்தா வடகவுஞ்சிப் பக்கம் மாதிரி இருக்கு, நீங்க எதுக்கு இத வாங்குறீங்கன்னு. எங்களுக்கு இல்ல, ஒரு லாட்ஜுக்கு சமையலுக்குன்னு சொன்னேன். அவனுக்குத் தெரிஞ்சு போச்சு போல, ஒரு மாதிரியா சிரிச்சான். வர்ற பஸ்ஸுல பைய மடியில வச்சு, அதுமேல முந்தானையப் போட்டு மூடிக்கிட்டு வந்தேன். பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வாராளோன்னு கண்டக்டர் எட்டிப் பாத்தான்.

சரி, ஏறுங்க. நீங்களே எடுங்க, ஸ்டூலப் பிடிச்சிக்கிறேன். பாத்து, மேல உத்தரத்துல இருக்குற பொகைக்கரி ஒட்டும். எண்ணிப் பாத்துக்கங்க. நாலுதானே? நாலும் இருக்குல்ல? கனமும் சரியாத்தான் இருக்கும்.

மோந்து பாக்காதீங்க மதினி. மோந்து பாத்தாத் தெரியாது.

நல்ல வாசமாத்தான் இருக்கும். நீங்க மூணு தலமுற பூடு போட்ட வீட்டுக்காரி, உங்க மூக்குக்கே தெரியக்கூடாதுன்னுதானே அம்புட்டும் செஞ்சேன். அந்தச் செவப்புக் கயிறு கட்டுன ரெண்டையும் தனியா வைங்க. இல்ல, அந்த ரெண்டுதான். அத நடாதீங்க. கொழம்புக்கு வச்சிக்கங்க. சுத்தி வெளிய தாளோட இருக்குறது உங்க பூடு. உள்ள இருக்குறது சந்தையில வாங்குன கடப்பூடு. நம்ம மண்ணுல போட்டா தாளு மட்டும் சலசலன்னு வரும், அடியில ஒண்ணும் விழாது, உங்களுக்குத் தெரியாததா.

உங்களுது வடுகபட்டி பூடு மண்டிக்குப் போயிருச்சு மதினி. புரட்டாசி பொறந்ததும், லோடு லாரியில குடுத்து விட்டேன். உங்க தம்பிக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. ஒரு பூடு எடுத்து யாரும் கேக்கல, பத்து எடுத்து யாரும் கேக்கல. அப்பறம் ரெண்டு கட்டையும் அவுத்துட்டேன். வெல வேற நல்ல வெல. மூணு லிட்டர் எண்ண, அஞ்சு கிலோ பருப்பு, புளி, வத்தல், அவளுக்கு ஒரு தட்டு முட்ட. பலசரக்குக் கடையில பைய நெறச்சு வாங்கி எம்புட்டு நாளாச்சு. அன்னைக்கு ஒரு நாளு கட்டியா சாம்பாரு வச்சேன். உங்களுதாட்டம் இருக்கும்மான்னா நதியா. மாசக் கடைசிக்குள்ள எல்லாம் தீந்துருச்சு. நடவுக்குள்ள நல்ல வெத வாங்கி வச்சிரலாம்னு இருந்தேன், மனசார அப்படித்தான் இருந்தேன். விசாரிச்சாக் கேக்குற வெலைக்கு நான் எங்க போவேன்? அதான் சந்தைக்குப் போனேன்.

நட்டுருந்தீங்கன்னா நாலு மாசம் கழிச்சு, மழை கூடிப் போச்சு, மேகம் அடிச்சிருச்சுன்னு நீங்களே ஒரு காரணம் சொல்லிக்கிட்டு திருப்பூர் பஸ்ஸு ஏறியிருப்பீங்க. நானும் வந்து பைய வாங்கி பஸ்ஸுல வச்சிருப்பேன். அத நெனச்சுத்தான்... கூசுது மதினி. ஒடம்பெல்லாம் கூசுது.

கடப்பூட்டுக்கு எப்படி இந்த நெறம் வந்துச்சுன்னு கேக்குறீங்களா? இருபது நாளு பச்சச் சுள்ளியா வச்சுப் பொகை போட்டேன். ராவும் பகலும்.

என்ன மதினி, டம்ளரக் கீழ வச்சிட்டீங்க? குடிங்க. சீனி போட்டுத்தான் இருக்கு.