மாப்பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்த வேலை

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். மற்றபடி நீங்கள் என்ன கேட்டாலும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் நிர்வாக அதிகாரியாக இருப்பவன் முதலில் பழகிக்கொள்வது முகம் சுளிக்காமல் இருப்பதைத்தான். வேலை கேட்டு வருகிறவர்கள் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். அவர்கள் எழுந்து போன பிறகு மேசைக் கண்ணாடியில் வியர்வைத் தடம் இருக்கும். அதை நானே துடைத்துவிட்டு அடுத்தவரை உள்ளே விடச் சொல்வேன். யாரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

ரத்த வங்கிக்குப் பரிசோதகர் வேலைக்கு ஆள் எடுத்தோம். ஏற்றப்போகிற ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிற வேலை. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவள் என் அக்கா மகள். அவளுக்கு அப்பா இல்லை. படிக்க வைத்தவன் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக் குழுவுக்கும் நான்தான் தலைவர். அவளுக்கு அங்கே மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டு, வேலையை என் மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன்.

அவர் படித்தது வேறு படிப்பு. கல்வித் தகுதியைத் தளர்த்தலாம் என்று நானே ஓர் உத்தரவு போட்டேன். வேலையில்லாத மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மத்தியானம் வரை தூங்குவார். எழுந்ததும் என் மகள் மேல் எரிந்து விழுவார். அக்கா மகள் கெட்டிக்காரி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். அவருக்கு என்னை விட்டால் யார் வேலை தருவார்கள்? தேவை யாருக்கு அதிகமோ அவருக்குக் கொடுத்தேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

அவள் கோர்ட்டுக்குப் போனாள். சொந்த மாமனையே எதிர்த்தரப்பில் நிறுத்தினாள். நான் கோபப்படவில்லை. எங்கள் வக்கீல்தான் பயந்தார். “சார், அந்தப் பொண்ணு ஜட்ஜ் முன்னாடி நின்னு ரெண்டு வார்த்தை தெளிவா பேசிட்டா போதும். நீங்க போட்ட நியமனம் அத்தனையும் காலி” என்றார்.

விசாரணைக்கு முந்தின வாரம் அவளே என் அலுவலகத்துக்கு வந்தாள். அதற்குச் சில நாள் முன்னால் பிரசவ வார்டில் குழந்தை பெற்ற கையோடு ஒரு பெண் இறந்திருந்தாள். அவளுக்குச் சேராத ரத்தம் ஏறிவிட்டது. மாப்பிள்ளை பார்த்து அனுப்பிய ரத்தம். பிரசவம் என்றால் இப்படியும் நடக்கும் என்று அந்த வீட்டாரிடம் சொல்லி அனுப்பிவிட்டோம்.

“மாமா, கேஸை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கு அந்த வேலையே வேண்டாம். அவருக்கே சம்பளம் குடுங்க, ஸ்டோர்ல உக்கார வைங்க. ரத்தத்துல மட்டும் கை வைக்க விடாதீங்க.”

“உனக்குப் பொறாமைம்மா.”

“அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்தீங்களா மாமா?”

பார்க்கவில்லை. அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அதே கையை என் மேசை மேல் வைத்தாள். நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டேன். மாப்பிள்ளையை அங்கிருந்து மாற்றினால், அந்தச் சாவு எங்களால்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இதை அவளுக்குப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அக்கா போன் பண்ணினாள். “தம்பி, புள்ள தூங்கவே மாட்டேங்குறா. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்.” நான் போனேன். கையோடு மாத்திரையும் கொண்டு போனேன். மனநல வார்டில், கட்டுக்கடங்காமல் முரண்டு பிடிப்பவர்களுக்குக் கொடுப்பது. தூக்கத்துக்கு என்று அக்காவிடம் சொன்னேன். “பால்ல கரைச்சுக் குடு. சொன்னா குடிக்க மாட்டா.” அக்கா என்னை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டவள் இல்லை. எவ்வளவு என்று நான்தான் சொன்னேன். விசாரணை நாளன்று காலையில் அளவை ஏற்றிக் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

கோர்ட்டில் அவளுக்கு நாக்குப் புரளவில்லை. ஜட்ஜ் பெயரைக் கேட்டார், அதுவே குழறியது. கடைவாயிலிருந்து எச்சில் மோவாய் வரை வழிந்தது. பிறகு நின்ற இடத்திலேயே துணி நனைந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள், ஜட்ஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் போய்க் கைக்குட்டையால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அத்தனை பேரில் அவளைத் தொட்டவன் நான் ஒருவன்தான். கொஞ்ச நாளாகவே புத்தி சரியில்லை, பாவம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். மனு தள்ளுபடி ஆனது.

காரின் பின் சீட்டில் செய்தித்தாளை விரித்து அவளைப் படுக்க வைத்து, நேரே எங்கள் மனநல வார்டுக்குக் கொண்டு போனேன். காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டேன். தெளிந்தால் கத்துகிறாள் என்றார்கள், அதனால் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றேன். தலையில் பேன் வந்துவிட்டதாம், மழித்துவிட்டார்கள். போன முறை பார்க்கப் போனபோது அந்த வாடை தாங்க முடியவில்லை. வாசலோடு திரும்பிவிட்டேன்.

அந்த வார்டு நர்ஸ்தான் அக்காவிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அக்கா என் வீட்டுக்கு வந்தாள். “என் கையாலயே குடுக்க வெச்சியேடா” என்று சொல்லிவிட்டு என் முகத்தில் துப்பினாள். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறாள். சோப்புப் போட்டுக் கழுவினேன், ஆனாலும் முகத்தில் பிசுபிசுப்பு இருந்துகொண்டே இருந்தது. படித்த குடும்பத்தில் இப்படி நடந்துகொள்வார்களா, சொல்லுங்கள்.

ஆமாம், என்ன மாத்திரை என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவள் வாயை அடைக்கத்தான் கொடுத்தேன். அவளுக்குப் பைத்தியம் இல்லை, அப்போதும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஆனால் மாப்பிள்ளைக்கு வேலை தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன். அவர் இன்றைக்கும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் கையில் யாரையும் நம்பி ஒப்படைக்கலாம்.

இதைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொண்டால் நல்லது. என் மகளுக்கு இது நிறைமாதம். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். அங்கே அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, அதற்காகத்தான்.