சனிக்கிழமை ஒட்டிய புதன்கிழமை ஆர்டர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, நீலசந்திரா சிறுவணிகர் சங்க உறுப்பினர்களே! இத்தனை நாள் வாய்மூடி இருந்தேன். போதும்.

நம் தெருவில் மெஸ் நடத்திய சின்னத்தாயி அம்மாள் இறந்து நான்கு நாளாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். இரங்கல் கூட்டச் சுவரொட்டியில் அவரைக் "கணினி யுகத்தின் முன்னோடி" என்று போட்டிருக்கிறீர்கள். எப்போது தெரிந்தது உங்களுக்கு?

தொண்ணூற்றொன்பதில் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகள் ஈமெயிலில் ஆர்டர் அனுப்பத் தொடங்கின. நாம் என்ன செய்தோம்? இருபத்து மூன்று கடைகளுக்கும் சேர்த்து ஒரே முகவரி வாங்கினோம். பாஸ்வேர்டு தலைவர் முனியப்பனிடம். வாரம் ஒருமுறை திறப்பார். வந்ததை அச்செடுத்துச் சனிக்கிழமை பலகையில் ஒட்டுவார்.

நூறு சாப்பாடு கேட்டு வந்த தாளைப் பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு அம்மாள் சங்க அலுவலகத்துக்குள் வந்து முனியப்பனிடம் கேட்டார்.

"அண்ணா, புதன்கெழம மதியத்துக்குக் கேட்டிருக்காங்க. நீங்க சனிக்கெழம ஒட்டுறீங்க. அதுவரைக்கும் பட்டினி கெடப்பாங்களா?"

"சங்கத்துக்கு ஒரு அட்ரஸ் போதும்மா. ஆளாளுக்கு ஒண்ணு வெச்சுக்கிட்டா அப்புறம் சங்கம் எதுக்கு?"

"அப்ப சோத்தையும் சங்கமே வடிச்சிரட்டும்ணா."

மறுநாளே சைபர் கஃபேயில் தனக்கென ஒரு முகவரி திறந்தார். எட்டாவது வரை படித்தவர். தினமும் கஃபே திறக்கும் நேரத்துக்குப் போய் ஒற்றை விரலால் பதில் தட்டுவார். நாற்பது சாப்பாடு போய்க்கொண்டிருந்த மெஸ்ஸிலிருந்து ஓராண்டில் முந்நூறு போயிற்று! நம் தெருப் பெண்கள் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. அதற்கு நாம் தந்த பரிசு? ஒற்றுமையைக் குலைத்தார் என்று சங்கத்தைவிட்டு நீக்கினோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஓஸ்வால்டின் சலவைக் கடை என்னாயிற்று? தலைவர் ஒரு வாரம் பார்க்காமல் விட்டதில் ஹாஸ்டல் ஆர்டர் ஒன்று பதினோரு நாள் திறக்கப்படாமல் கிடந்தது. அது கைநழுவியதும் அவர் இயந்திரங்களை விற்றுவிட்டார். இன்றும் அதே முகவரி, அதே சனிக்கிழமை! அடுத்து மூடப்போவது யார் கடை?

அம்மாளை நீக்கிய தீர்மானத்தை ரத்து செய்வோம். மெஸ்ஸை நடத்தும் அவர் மகள் பாமாவை உறுப்பினராக்குவோம். ஒவ்வொரு கடையும் தனக்கென முகவரி திறக்கும் என்று உறுதி எடுப்போம். பிறகு படத்துக்கு மாலை போடுங்கள்.

கூட்டத்தில் படிக்கத்தான் இதை எழுதினேன். படிக்கப்போவதில்லை. எழுந்தாலே, "இவனுக்குத் தலைவர்மேல் பழைய பகை" என்று உட்காரவைத்துவிடுவீர்கள். பகை உண்டுதான். அதனால் சொன்னது பொய்யாகிவிடாது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு கடைக்கும் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். கீழே பெயர் போடவில்லை.