நட்சத்திரத்துக்கு அடுத்து நிற்பவர்

முப்பது ஆண்டுகளாக ஒரு குளிர்காலம்கூடத் தவறாமல் இந்த ஞாயிறு மதிய விருந்தை நடத்திவரும் மன்றத் தலைவர், பெரியவர் ஆரின் செபெஸ்டா அவர்களே. ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து எங்கள் பசியைக் காத்த பங்குத்தந்தை லியாண்டர் அவர்களே. விடியலில் வந்து மாவு பிசைந்து, பழம் பொதிந்து, கொலாச்சி சுட்டு அடுக்கிய தாய்மார்களே. அவர்களுள் முதல் வரிசையில் இன்னும் விரல்களில் மாவோடு அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார் டெல்ஃபீன் அம்மையாரே. ஹோலுப் நாரைகள் பேஸ்பால் அணியின் இளைய வீரர்களே, முழங்கால் தேய்ந்த மூத்த வீரர்களே. கார் கண்ணாடியில் பனி சுரண்டிச் சுரண்டி வந்து சேர்ந்த பெருமக்களே. கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல், கார்ச் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருக்கும் என் கணவர் கோர்டி பாவெக் அவர்களே. உங்கள் அனைவருக்கும் ஜெனெல் பாவெக்கின் வணக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் பயம் பாதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. தினமும் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறேன், இருபது கோடைக்காலங்களாக நாரைகளின் ஆட்டக் குறிப்பேட்டை எழுதுகிறேன்; எண்களுக்கு நான் அஞ்சியதில்லை. இன்று அஞ்சுகிறேன். ஏன் என்று முடிவில் தெரியும்.

மன்றம் எனக்குத் தந்த வேலை எளியது. மைதான வேலியில் ஒரே ஒரு வீரரின் சட்டை எண்ணைத் தீட்ட இடம் இருக்கிறது. விர்ஜில் ஹான்ஸ்லிக்கின் ஏழா? டேட் அமுண்ட்சனின் இருபத்து நான்கா? நீங்கள் வாக்களிக்கப் போகிறீர்கள். அதற்கு முன் இருவரின் எண்களையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒப்பிடுகிறேன். விர்ஜில், ஆயிரத்துக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்ற கணக்கில் அடித்தவர். டேட், முந்நூற்று எண்பத்தைந்து. விர்ஜில் கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள், விர்ஜில்.

"அதுல ஒரு நாலஞ்ச கழிச்சுடு ஜெனெல். என் மொத வருஷம் நோட்டு எழுதுனது என் மச்சான்."

சிரியுங்கள். நேர்மையான மனிதர். கழித்தால் இருவரும் ஏறக்குறைய சமம். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் அந்தப் பழைய வாதம் எழுகிறது. எண்ணெய்க்கடை வாசலில், கோதுமைக் கிடங்கில், முடிதிருத்தும் நாற்காலியில் நீங்கள் எல்லோரும் பேசிய வாதம். காவல்.

இந்த ஊருக்குப் புதிதாக வாழ வந்த மருமகள்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சொல். நட்சத்திர மட்டையாளர் வந்து நிற்கிறார். பந்தெறிபவர் அஞ்சுகிறார். எட்டாத தூரத்தில் நான்கு பந்துகளை எறிந்து, 'நீ சும்மா முதல் தளத்துக்கு நடந்து போ' என்று விட்டுவிடலாம். விடுவாரா? அடுத்து வருபவர் யார் என்று பார்ப்பார். அடுத்தவர் வல்லவர் என்றால் வேறு வழியின்றி நட்சத்திரத்தோடு மோதுவார். அடுத்தவர் எளியவர் என்றால் நட்சத்திரத்தை நடக்கவிட்டு அவரோடு மோதுவார். ஆக, அந்த அடுத்தவர்தான் காவல்.

விர்ஜிலுக்கு ஒன்பது ஆண்டுகள் காவல் நின்றவர் கோர்டி. டேட்டுக்கு முதல் மூன்று ஆண்டுகள் காவல் நின்றவரும் கோர்டி. பிறகு ஆறு ஆண்டுகள் டேட்டுக்குப் பின்னால் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. நீங்கள் சொல்வது என்ன? காவல் இருந்ததால் விர்ஜில் குவித்தார், காவல் இல்லாததால் டேட் குறைந்தார்.

நான் எல்லா ஆட்டங்களையும் பிரித்து எண்ணினேன். கோர்டி பின்னால் நின்றபோது டேட் அடித்தது முந்நூற்று எண்பத்தெட்டு. நிற்காதபோது முந்நூற்று எண்பத்து நான்கு. நான்கே புள்ளி. ஒரு வழுக்கிய பந்து, ஒரு குருட்டு நடுவர், நான்கு புள்ளி போய்விடும். மாறியது எது தெரியுமா? முதல் தளத்துக்குச் சும்மா நடந்தது. அது ஆண்டுக்கு ஒன்பதிலிருந்து இருபத்திரண்டாக ஏறியது. மட்டை மாறவில்லை, மக்களே. பந்தெறிபவரின் துணிச்சல்தான் மாறியது.

ஆனால் யாரும் கேட்காத ஓர் எண்ணையும் எண்ணினேன். காவல் நிற்பவருக்கு என்ன ஆகிறது? சாதாரண நேரத்தில் கோர்டி அடித்தது முந்நூற்று ஒன்று. தனக்கு முன்னால் நட்சத்திரத்தை வேண்டுமென்றே நடக்கவிட்ட பிறகு அதே கோர்டி அடித்தது இருநூற்றுப் பதினான்கு. அதே மட்டை, அதே மனிதர். நடுவில் நின்றது என்ன? ஆயிரம் பேர் பார்த்திருக்க, 'இவனைவிட நீ எங்களுக்கு எளிது' என்று விரல் நீட்டிச் சொல்லப்படுவதைக் கேட்டபடி நடந்து வர வேண்டும். நடந்து பாருங்கள். பத்து அடிதான் இருக்கும். கோர்டி அந்தப் பத்தடிக்கு முன்னால் காலை உணவு உண்டதில்லை. பாத்திரம் கழுவுகிறவள் நான், எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டறிக்கையைப் பாருங்கள். டேட்டின் பெயருக்குக் கீழே மூன்றாவது வரி. 'மாநிலப் போட்டியில் காவல் நிற்க வேண்டியவர் ஒளிந்துகொண்டதால் வெற்றியை இழந்தார்.' டேட் வென்றால் இந்த வரி அவர் எண்ணோடு சேர்த்துப் பலகையில் ஏறும். மழை பெய்தாலும் அழியாத பெயிண்டில்.

அந்தப் போட்டி முடிந்து பதினோரு ஆண்டுகள். இரும்புக்கடை வரிசையில் கோர்டி நின்றால், "என்ன கோர்டி, உன் முறைதானா? சீட்டப் பாத்துட்டு வந்தியா?" தபால் நிலையத்தில், "டேட் வரட்டும்டா, அவன் பின்னாடி நின்னுக்கலாம்." தந்தையே, மன்னிக்க வேண்டும்: நற்கருணை வாங்கப் போகும் வரிசையில்கூட ஒருவர் காதோரம் சொன்னார், "முறை தவறிடாதப்பா." சிரிக்கிறீர்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். நானும் ஒரு முறை சிரித்துவிட்டேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் அடுக்களையில் இருக்கிறது.

கதவருகே எழ வேண்டாம், கோர்டி. காரைச் சூடாக்கப் போகிறேன் என்று சொல்லி எழும் ஆணை இந்த ஊரில் யாரும் தடுப்பதில்லை, தெரியும். நான் தடுக்கிறேன். கொஞ்ச நேரம்.

அந்த ஆட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக டேட் நான்காவது, கோர்டி ஐந்தாவது. அன்று காலை, அப்போது நம் பயிற்சியாளராகவும் இருந்த தலைவர், எதிரணியைக் குழப்ப வரிசையை மாற்றினார். கோர்டி நான்காவது, டேட் ஐந்தாவது. நடுவரிடம் கொடுத்த சீட்டில் அப்படித்தான் எழுதினார். அதன் நகல் ஒன்று எதிரணிக்கு, ஒன்று எனக்கு.

முதல் சுற்று. நான்காவதாக யார் வருகிறார்? டேட். என் பென்சில் நின்றுவிட்டது. அடுத்து கோர்டி. முறை தவறி ஆடுகிறார்கள்.

விதி என்ன? முறை தவறியவர் ஆடி முடித்து, அடுத்த பந்து எறிவதற்குள் எதிரணி முறையிட்டால், முறைப்படி வந்திருக்க வேண்டியவர் ஆட்டமிழப்பார், அடித்ததெல்லாம் அழியும். முறையிடாவிட்டால் அந்தத் தவறு அப்படியே நிலைத்துவிடும். இன்னொரு விதியும் உண்டு. குறிப்பேடு எழுதுபவர் தவறைக் கண்டாலும் எந்த அணியிடமும், நடுவரிடமும் வாய் திறக்கக் கூடாது.

எதிரணிப் பயிற்சியாளர் சீட்டைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் பேசவில்லை? கோர்டி தோற்றுக்கொண்டிருந்தார். தோற்பவரைத் திருத்துவார்களா? மூன்றாம் சுற்றில் டேட்டை நடக்கவிட்டார்கள், கோர்டி மூன்று பந்திலும் காற்றை வெட்டினார். ஆறாம் சுற்றிலும் அதே. அந்தப் பை, அந்தப் பைக்குள் இருக்கும் சீட்டு, அது எப்போது வெளியே வரும்? பந்தை நான் பார்க்கவே இல்லை, மக்களே. அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் சுற்று இடைவேளையில் தண்ணீர் எடுக்கப் போனபோது கோர்டி கம்பிவேலி ஓரம் வந்தார்.

"என்ன ஜெனெல், முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?"

"வெயில்" என்றேன்.

"தொப்பி போட்டுக்க வேண்டியதுதானே. என்னால தலை நிமிர முடியல, நீயாவது நல்லா இரு."

ஒரே ஒரு சொல் போதும். 'சீட்டு' என்றால் போதும். சொன்னேனா? தண்ணீரை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

கடைசிச் சுற்று. ஓர் ஓட்டம் பின்தங்கியிருக்கிறோம். இருவர் அவுட். இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆட்கள். டேட்டை நடக்கவிட்டார்கள். கோர்டி வந்தார். அந்தப் பத்தடியை நடந்து வந்தார். இரண்டாவது பந்தை அடித்தார் பாருங்கள், இடப்பக்க வேலி அடிவரை உருண்டது. இருவர் ஓடி வந்தார்கள். இந்த ஊரே எழுந்து நின்றது, நீங்கள் அழுதீர்கள், விர்ஜில் தொப்பியை வீசினார். நான் மட்டும் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தேன். கை உள்ளே போயிற்று. சீட்டு வெளியே வந்தது. அவசரமே இல்லாமல் அவர் நடுவரை நோக்கி நடந்தார்.

அடித்தது அழிந்தது. ஓட்டங்கள் அழிந்தன. ஆட்டம் முடிந்தது.

மறுநாள் தலைவர் சொன்னார்: "வரிசைய மாத்தி எழுதி, பசங்க உக்கார்ற கொட்டகைச் சுவத்துல நான் புதுத் தாளு ஒட்டினேன். கோர்டி பயந்துட்டான். முன்னாடி போக தைரியம் வரல, டேட்ட முன்னாடி தள்ளிட்டான்." அவர் பொய் சொல்லவில்லை. ஒட்டியதாக இன்றுவரை நம்புகிறார். மற்ற வீரர்களுக்கும் தெரியாது. மூன்றாண்டுப் பழக்கத்தில் சுவரைப் பார்த்தவர் யார்? கோர்டி பார்த்தார். ஒவ்வொரு முறையும் பார்த்தார். பயந்தவர்கள் பார்ப்பார்கள்.

அந்தத் தாள் இதோ. சாமான்களை எடுத்து வைக்கும்போது சுவரிலிருந்து நான் உரித்தது. நான்கு மூலையிலும் ஒட்டுநாடா காய்ந்திருக்கிறது. தேதி அன்றைய தேதி. நான்கு, அமுண்ட்சன். ஐந்து, பாவெக். மாற்றுவதற்கு முன் எழுதிய பழைய வரிசை; இதன் மேல் புதுத் தாள் எதுவும் ஒட்டப்படவில்லை. கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். தலைவர் அவர்களே, தயவுசெய்து நீங்களே பாருங்கள்.

அவர் கண்ணாடியைத் துடைக்கட்டும். அதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை காரில் இதை நான் கோர்டியிடம் காட்டினேன். அவர் சொன்னார்: "மடிச்சு வை. காலைல பத்து மணிக்கு டெல்ஃபீன ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. கோச் நமக்காக அங்கேருந்து நேரா வந்தாரு. அந்தக் கை எத ஒட்டுச்சு, எத மறந்துச்சுன்னு நாம கேக்கவா?" நான் கேட்டேன், "ஊரு உன்னைச் சொல்லுதே?" "ஒரு வாரம் சொல்லுவாங்க" என்றார்.

ஒரு வாரம்.

யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் வாக்கு வாங்கினார். அந்த வாக்கை இப்போது உடைத்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பயம். அவர் கதவைத் திறந்து போய்விடுவாரோ என்று பயம். போனால் வீட்டில் என்னோடு பேசுவாரோ மாட்டாரோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பதினோரு ஆண்டுகளாக நான் வாய் திறக்காதது விதிக்காகவா, வாக்குக்காகவா, இல்லை, அந்த வேலியோரத்தில் 'வெயில்' என்று சொன்னவள் நான்தான் என்பது வெளியே தெரிந்துவிடும் என்பதற்காகவா? ஒளிந்தவர் என்று பலகையில் எழுதத்தான் வேண்டும் என்றால், எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றுங்கள். பாவெக் சரி. கோர்டி அல்ல, ஜெனெல்.

தலைவர் பேசுகிறார். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? "இது என் எழுத்து" என்கிறார். "கோர்டி, என் எழுத்துடா இது. ஏன்டா சொல்லல?"

கோர்டி அங்கிருந்தே சொல்கிறார், நான் உரக்கச் சொல்லிவிடுகிறேன்: "அன்னைக்கு அதுவா முக்கியம், கோச்? அப்புறம் சொன்னா, அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கேப்பீங்க."

டெல்ஃபீன் அம்மையார் தலைவரின் முன் துண்டறிக்கையைத் தள்ளுகிறார். "அடிங்க அந்த வரிய. இப்பவே அடிங்க" என்கிறார். தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். அடிக்கிறார். எல்லோரும் அடியுங்கள். உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையும். பேனா இல்லாதவர்கள் முள்கரண்டியால் கீறுங்கள்.

கோர்டியின் அந்தக் கடைசிச் சுற்று அடியைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. விதி விதிதான், என் குறிப்பேட்டில் அது இல்லை, இனியும் இருக்காது. வேலியில் ஏழாம் எண்ணைத் தீட்டுங்கள், இருபத்து நான்கைத் தீட்டுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றே. இருவரும் தங்கள் மட்டையால் அடித்தவர்கள், யாருடைய காவலாலும் அல்ல. எண்கள் அதைத்தான் சொல்கின்றன. காவல் நின்றவர் அவர்களுக்குத் தந்தது நான்கே புள்ளி. அதற்கு அவர் கொடுத்தது எண்பத்தேழு. வாக்களிக்கும்போது அந்தக் கழித்தலை ஒரு முறை மனதில் போட்டுப் பாருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மறுக்காமல் தாளைக் கையில் வாங்கிய தலைவருக்கு நன்றி. கொலாச்சி ஆறுவதற்குள் முடிக்காததற்கு, தாய்மார்களே, மன்னிப்பு. வாக்குப் பெட்டி இதோ, மேடைக்கு முன்னால். வரிசை எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்கிறீர்கள். கதவிலிருந்து தொடங்குகிறது. கார் குளிர்ந்தே கிடக்கட்டும், கோர்டி. கோட்டைக் கழற்றிவிட்டு வா. சீட்டைப் பார்த்துவிட்டேன், இது உன் முறைதான்.

வணக்கம்.