பொக்லைனுக்குக் காய்ச்சல்

"ஏனுங்க, அந்தப் பொக்லைனுக்குக் காச்சலுங்க" என்றாள் ஒருத்தி. சத்தி பஸ்ஸில் என் முன்சீட்டில், பழைய வண்டி பார்த்துத் திரும்பும் புருஷன் பெண்டாட்டி.

"என்ன அம்மணி சொல்ற?"

"நாம போய்ச் சேந்தப்பவே எஞ்சின் சுட்டுதுங்க. விக்கறவன் முன்னாலயே ஓட்டிச் சூடேத்தி வெச்சிருக்கான். ஆறிப்போனா கெளம்பாதாட்ட இருக்குது."

"அட, நான் பெயின்டப் பாத்தே மயங்கிப்போட்டேன்! இத்தன வருசம் அடுத்தவன் வண்டி ஓட்டி, மொத சொந்த வண்டி இதா? காலைல வந்து மறுபடியும் பாக்கலாம்."

"மறுபடியும் சூடேத்துவான். அதுக்குத்தான் சாவிய எடுத்துட்டு வந்துட்டனுங்க."

ஒத்தை ஆளாய் நின்று நாலு லாரி வாங்கியவன் நான். எனக்கே தோன்றாத யோசனை!

அவர் போன் அடித்தது.

"அவன்தான் அம்மணி! என்ன சொல்ல?"

"காலைல நாங்களே கெளப்பிக்கறோம், தூங்கச் சொல்லுங்க."